பழைய ஜிப்சிக்கு ஹெட்டர் போடணும்: 4-2-1ஆ, 4-1ஆ, இல்ல பழைய மேனிஃபோல்டே போதுமா?

தாம்பரம் ஜிப்சி

வணக்கம் மக்களே. வண்டி 2004 ஜிப்சி கிங், எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்டர் வச்ச பெட்ரோல் எஞ்சின், சாஃப்ட் டாப். பின்னாடி சைடு சீட்டை எடுத்துட்டு முழுக்க பிக்கப்பாத்தான் ஓடுது, மதுராந்தகம் பக்கத்துல நமக்கு கொஞ்சம் நிலம் இருக்கு, உர மூட்டை, பம்ப் மோட்டார், சொட்டுநீர் பைப்புன்னு எல்லாம் இதுலதான் போகும். இப்ப என்னன்னா காலையில ஸ்டார்ட் பண்ணா எஞ்சின் பக்கம் டிக் டிக்னு ஒரு சத்தம், சூடானதும் அடங்கிடுது. மெக்கானிக் பாத்துட்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது எஞ்சின் புகையை ஒண்ணு சேர்த்து பைப்புக்கு அனுப்பற வார்ப்பு, கிராக்குன்னு சொல்லிட்டாரு. எப்படியும் கழட்டத்தான் போறோம், அப்படியே அந்த வார்ப்புக்கு பதிலா தனித்தனி பைப்பா வளைச்சு செஞ்ச ஹெட்டர் போட்டுடலாமான்னு யோசனை. ஜிபி ரோட்டுல ரெடிமேடா காட்டறாங்க, பளபளன்னு இருக்கு, 15 ஹெச்பி ஏறும்ங்கறாங்க. புதுப்பேட்டைல பழைய ஒரிஜினல் வார்ப்பு மேனிஃபோல்டும் கிடைக்கும் போல. எதை எடுக்கறது? 4-2-1, 4-1னு ரெண்டு சொல்றாங்க, பைப் சைஸ் எவ்ளோ இருக்கணும்? லோடு இழுக்கணும், மைலேஜ் அடி வாங்கக் கூடாது, அவ்ளோதான் நம்ம தேவை.

நாலுக்கு நாலு

முதல்ல கிராக்கா இல்ல மேனிஃபோல்டுக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற பேக்கிங் போயிருக்கான்னு உறுதி பண்ணுங்க ஜி. சூடானா சத்தம் அடங்குதுங்கறது ரெண்டுக்கும் பொருந்தும், இரும்பு விரிஞ்சு இடுக்கை மூடிக்கும். வாக்வம் கிளீனர்ல ஊதற பக்கம் இருக்குல்ல, அதை வண்டி ஆறினப்புறம் சைலன்சர் வாயில துணி சுத்தி செருகி ஓட விடுங்க, மேனிஃபோல்டு மேல சோப்புத் தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க. எங்க நுரை பொங்குதோ அங்கதான் லீக்கு. கரி படிஞ்ச கோடு தெரிஞ்சாலும் அதுதான் இடம். பேக்கிங் ஓரமா மட்டும் நுரை வந்தா ஃபிளேஞ்சு, அதாவது ஹெட்ல உக்கார்ற முகம், வளைஞ்சிருக்கும், லேத்துல அதை சமமா ஃபேஸிங் அடிச்சு புது பேக்கிங் போட்டா முடிஞ்சது கதை. வார்ப்புல கிராக்குன்னா வெல்டிங் வச்சு ஒப்பேத்தாதீங்க, வார்ப்பிரும்பு வெல்டிங் சூடாறி சூடாறி பக்கத்துலயே திரும்ப பிளக்கும்.

அப்புறம் 15 ஹெச்பி மேட்டர். எம்பிஎஃப்ஐ ஜிப்சி மொத்தமே 80, அதுவும் 6000 ஆர்பிஎம்ல. கேம் மாத்தல, ஹெட் தொடல, வெறும் ஹெட்டர்ல 15 ஏறுதுன்னா கம்பெனி எஞ்சினியருங்க அத்தனை பேரும் தூங்கிட்டு இருந்தாங்கன்னு அர்த்தம். நல்லா அமைஞ்சா 2, 3 வரும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. ஆனா நடு ரேஞ்சுல இழுவை தெரியற மாதிரி மாறும், அது உண்மை, உங்களுக்கு அதுதானே வேணும்.

ராயபுரம் ரேஸ்

ப்ரோ யோசிக்காம 4-1 லாங் டியூப் போடு, பின்னாடி ரெண்டரை இஞ்ச் பைப் நேரா விடு, புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்குல்ல, அந்தக் கேட்டை தூக்கிரு. என் ஃபிரண்டு எஸ்டீம்ல அப்படித்தான், 5000 தாண்டினா வேற லெவல், சவுண்டு கேட்டாலே புல்லரிக்கும்.

டார்க்கு முக்கியம்

ராயபுரம் தம்பி, எஸ்டீம் வேற, உர மூட்டை ஏத்தற ஜிப்சி வேற. அவரு 5000க்கு எப்ப போகப் போறாரு? தாம்பரத்துல இருந்து பெருங்களத்தூர் வரைக்கும் ரெண்டாவது கியர்ல ஊர்ந்துட்டு, அப்புறம் ஜிஎஸ்டி ரோட்டுல 70, 80ல போயிட்டு, கடைசில மண் ரோட்டுல லோடோட ஏறி இறங்கற வண்டி. வாழ்க்கை முழுக்க 1500ல இருந்து 3500க்குள்ளதான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன், ஏன்னா எல்லாரும் பெரிய பைப்னா பவருன்னு நெனச்சிட்டு இருக்காங்க. ஒவ்வொரு தடவை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் ஒரு அழுத்த அலை பைப்புல ஓடும், அது பைப்பு சேர்ற இடத்துக்குப் போனதும் அங்கேருந்து உறிஞ்சற அலையா திரும்பி வரும். இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து திறந்திருக்கற அந்தக் கண நேரத்துல இந்த அலை வந்து சேர்ந்தா, மிச்ச புகையை இழுத்துட்டு புது மிக்சரையும் உள்ள கூட்டி வரும். ஹெட்டரோட மொத்த வித்தையும் இதுதான். நேரம் தப்பினா இதே வித்தை எதிரா வேலை செய்யும். பைப் நீளம் கூடுனா இது கீழ் ஆர்பிஎம்ல நடக்கும், குறைஞ்சா மேல நடக்கும். விட்டம் பெருசானா புகையோட வேகம் செத்துடும், அகலமான வாய்க்கால்ல கொஞ்சமா தண்ணி விட்டா நகராம கிடக்குமே அந்த மாதிரி. ரெண்டரை இஞ்ச் பைப்பு 1.3 லிட்டருக்கு ரொம்ப ரொம்ப அதிகம், கிளட்ச் விடும்போதே வண்டி மந்தமாயிடும், அதை ஈடுகட்ட ஆக்சிலேட்டரை மிதிப்பீங்க, மைலேஜ் போச்சு.

4-1ல நாலும் ஒரே இடத்துல சேருது, பலன் மேல் ஆர்பிஎம்ல ஒரு குறுகின இடத்துல மட்டும் கிடைக்கும். 4-2-1ல ரெண்டு ரெண்டா சேர்ந்து அப்புறம் ஒண்ணாகுது, பலன் நடுவுல அகலமா பரவும். உங்களுக்கு 4-2-1தான், இதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா வாங்கும்போது ஒண்ணு பாருங்க, எது எதோட சேருதுன்னு. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, அதனால 1ம் 4ம் ஒரு ஜோடி, 2ம் 3ம் ஒரு ஜோடி, அப்பதான் ஒரு ஜோடிக்குள்ள வெடிப்பு சம இடைவெளில வரும். பக்கத்து பக்கத்துல வளைக்கறது ஈசின்னு 1ம் 2ம், 3ம் 4ம் சேர்த்து வச்ச ஹெட்டர் மார்க்கெட்ல இருக்கு, பாக்க அதே மாதிரிதான் இருக்கும். கையில எடுத்து விரலால தடவி எந்தப் பைப்பு எங்க போகுதுன்னு தொடர்ந்து பாருங்க, கடைக்காரரு முகம் சுளிச்சாலும் பரவால்ல.

சைஸ்: முதல் பைப்பு வெளி விட்டம் ஒண்ணேகால்ல இருந்து ஒண்ணரை இஞ்சுக்குள்ள, நான் ஒண்ணே மூணு எட்டுல, அதாவது 35 மில்லி பக்கம் நிப்பேன். ரெண்டாவது கட்டம் ஒண்ணரை. பின்னாடி போற மெயின் பைப்பு ஒண்ணே முக்கால். ரெண்டு இஞ்சுக்கு மேல வேணவே வேணாம்.

தாம்பரம் ஜிப்சி

அண்ணே செம விளக்கம், ரொம்ப நன்றி. நுரை டெஸ்ட் பண்ணிட்டேன், நாலாவது போர்ட்டு, அதாவது புகை வர்ற ஓட்டை, கிட்ட வார்ப்புலயே கோடு ஓடுது, பேக்கிங் இல்ல. ரெடிமேட் வாங்கறதா இல்ல நம்ம ஊர் பட்டறைல செஞ்சுக்கறதா? எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லதா, மைல்டு ஸ்டீலா?

எஸ்டேட் வெல்டர்

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஃபேப்ரிகேஷன்தான் பண்றேன், அதனால இதுல கொஞ்சம் சொல்லலாம். முதல்ல பைப்பைப் பாக்காதீங்க, ஃபிளேஞ்சைப் பாருங்க. ஹெட்ல உக்கார்ற அந்தத் தகடு 10 மில்லி இருக்கணும், 8க்குக் கீழ இருந்தா அப்படியே வச்சிட்டு வந்துடுங்க. பளபளன்னு இருக்கற பாதி ஹெட்டருக்கு 5, 6 மில்லி தகடுதான், வெல்டிங் சூட்டுலயே வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கும், ஒரு கண்ணாடி மேல கவுத்து வச்சு அடியில ஃபீலர் கேஜ் விட்டுப் பாத்தா தெரியும். அதை ஸ்டட்ல போட்டு முறுக்கினா நேரா உக்காந்த மாதிரி இருக்கும், நாலு தடவை சூடாறினதும் திரும்ப டிக் டிக். வெல்டிங் முடிஞ்சப்புறம் ஃபிளேஞ்சு முகத்தை மில்லிங் போட்டாங்களான்னு கேளுங்க, போட்டிருந்தா கட்டர் ஓடின கோடு கண்ணுக்கே தெரியும்.

அடுத்து மெட்டீரியல். எஸ்எஸ்னு சொல்லி விக்கறதுல நெறைய 202 கிரேடு, நல்லது 304 கிரேடு. 304ல நிக்கல் சுமார் 8 சதம் இருக்கும், 202ல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் போட்டிருப்பாங்க, துரு சீக்கிரம் வரும். காந்தம் வச்சுப் பாத்தா ரெண்டும் ஒட்டாது, அதை நம்பாதீங்க. சொட்டு மருந்து மாதிரி டெஸ்டிங் லிக்விட் வருது, ஒரு துளி விட்டா நிறம் மாறறதை வச்சு சொல்லிடலாம், பாரிஸ் கார்னர் பக்கம் பைப் கடைக்காரங்க கிட்டயே இருக்கும். கம்பெனி சைலன்சர்ல வர்றது பெரும்பாலும் 409, அதுல காந்தம் ஒட்டும், அதைப் பாத்துட்டு டூப்ளிகேட்னு நெனைக்க வேணாம், சூடு தாங்கறதுல அது நல்ல சரக்கு.

304ல இன்னொரு விஷயம், சூட்டுல அதிகமா நீளும். அரை மீட்டர் பைப்பு 500 டிகிரி ஏறினா 304 சுமார் 4 மில்லி நீளும், மைல்டு ஸ்டீல் 3 மில்லி. இந்த ஒரு மில்லி வித்தியாசம் எங்க போகும்? ஃபிளேஞ்சு ஓர வெல்டிங்லதான் போய் உக்காரும், அங்கதான் கிராக் விடும். அதனால 304 போட்டா சேர்ற இடத்துல ஸ்லிப் ஜாயின்ட் விட்டு ஸ்பிரிங் மாட்டணும், டிக் (TIG) வெல்டிங் அடிக்கும்போது உள்பக்கமும் ஆர்கான் வாயு விடணும். உள்ள ஆர்கான் விடலைன்னா வெளிய அழகா இருக்கும், உள்ள சர்க்கரைக் கட்டி மாதிரி பொரிஞ்சு போயிருக்கும், பைப்புக்குள்ள விரலை விட்டா சுரசுரன்னு தட்டுப்படும். இதெல்லாம் செய்யற பட்டறைன்னா 304 எடுங்க. இல்லன்னா 16 கேஜ், அதாவது 1.6 மில்லி மைல்டு ஸ்டீல் சீம்லெஸ்ல செஞ்சு செராமிக் கோட்டிங் குடுத்துடுங்க, லோடு வண்டிக்கு அதுவே தாராளம். 18 கேஜ் வேணாம், லேசு, சத்தமும் தகரம் மாதிரி வரும்.

ஈசிஆர் காத்து

கோட்டிங் பேச்சு வந்ததால சொல்றேன், யாராவது ஹெட்டர் டேப் சுத்துங்கன்னு சொன்னா கேக்காதீங்க. நான் நீலாங்கரைல இருக்கேன், இங்க உப்புக் காத்துல மைல்டு ஸ்டீல் மேல டேப் சுத்தினா ஈரம் உள்ளயே தங்கி பைப்பு அரிச்சுடும், வெளிய டேப் புதுசாவே தெரியும். ரேஸ் வண்டிக்கு சரி, மழைல நிக்கற வண்டிக்கு இல்ல. சூடு கேபினுக்கு வருதுன்னா ஒரு ஹீட் ஷீல்டு தகடை இடைவெளி விட்டு போல்ட்டு பண்ணிக்கோங்க.

அப்புறம் மழைக்காலத்துல சப்வேல முழங்கால் தண்ணி நிக்கும்போது சூடா இருக்கற ஹெட்டரை இறக்காதீங்க. மெல்லிசான பைப்பு சடார்னு ஆறும், வெல்டிங் ஓரம்தான் அடி வாங்கும்.

ஸெனான் டபுள் கேப்

நடுவுல புகுந்து கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க. என்கிட்ட 2011 டாடா ஸெனான் 2.2 டைகோர் இருக்கு, இதுக்கும் 4-2-1 ஹெட்டர் போட்டா இழுவை கூடுமா? ஒரு கடைல செஞ்சு தர்றேங்கறாங்க.

டார்க்கு முக்கியம்

வேணாம் சார். உங்களுது டர்போ டீசல். அங்க மேனிஃபோல்டு வேலை புகையை சூடு குறையாம, வேகம் குறையாம டர்போவுக்குக் கொண்டு போறது மட்டும்தான், நீளமான பைப்பு விட்டா சூடு வழியிலயே போயிடும், டர்போ லேட்டாத்தான் எழும்பும். போதாததுக்கு டர்போ முழுக்க அந்த மேனிஃபோல்டு மேலதான் தொங்குது, மெல்லிசு பைப்பு அந்த வெயிட்டை மண் ரோட்டுல தாங்காது. புகைல கொஞ்சத்தை திரும்ப எஞ்சினுக்கு அனுப்பற இஜிஆருக்குப் போற வழியும் அதுலதான். கம்பெனி வார்ப்பை விட்டுடுங்க. இழுவை குறைஞ்ச மாதிரி இருந்தா இன்டர்கூலர் ஓஸ் எண்ணெய் கசியுதா, வாக்வம் பைப் வெடிச்சிருக்கா, டர்போவுக்குள்ள இருக்கற வேன் இதழ்கள் கரி பிடிச்சு இறுகிடுச்சா, இன்ஜெக்டர் எப்படி இருக்குன்னு பாருங்க. அந்தக் கடைக்குக் குடுக்கற காசுல இதெல்லாம் சரி பண்ணிடலாம், வண்டி பழைய இழுவைக்கு வந்துடும்.

ஸெனான் டபுள் கேப்

புரியுது சார். இன்டர்கூலர் ஓஸ் கிளாம்ப் பக்கம் எண்ணெய் ஈரம் இருக்கு, முதல்ல அதைப் பாக்கறேன்.

ஹூஸ்டன் வண்டிக்காரன்

பூர்வீகம் பெரம்பூர், இப்ப ஹூஸ்டன். என்கிட்ட 2004 சில்வராடோ, 5.3 வி8. இங்க எல்லாரும் ஹெட்டர் போடறதுக்கு பாதி காரணமே மேனிஃபோல்டு போல்ட்டு உடையறதுதான், ஜிஎம்ல அந்தத் தலைமுறை வி8ல கடைசி சிலிண்டர் போல்ட்டு மண்டை உடைஞ்சு போறது ரொம்ப சகஜம், ஃபோர்டு 5.4லயும் ஸ்டட்டு உடையும். அதே உங்க டிக் டிக் சத்தம்தான், காலைல மட்டும். இங்க ஷார்ட்டி, லாங் டியூப்னு ரெண்டு வகை. ஷார்ட்டி பழைய இடத்துலயே உக்காரும், கேட் இடம் மாறாது, ஆனா பவர்ல பெரிய மாற்றம் வராது. லாங் டியூப்ல நல்லாவே ஏறும், ஆனா கேட் பின்னாடி தள்ளிப் போகும், சென்சர் ஒயரை நீட்டணும், ட்யூனிங்கும் பண்ணணும். கலிஃபோர்னியால இருந்தா அந்த ஊர் காத்து வாரியம் குடுத்த இஓ நம்பர், அதாவது அனுமதி நம்பர், ஹெட்டர்ல இருக்கணும், இல்லன்னா ஸ்மாக் டெஸ்ட்டுங்கற புகை டெஸ்ட்ல ஃபெயில். நான் கடைசில மேனிஃபோல்டை ஃபேஸிங் போட்டு புது போல்ட்டு போட்டு பழசையே மாட்டிட்டேன், படகு டிரெய்லர் இழுக்கற வண்டிக்கு அமைதியா இருக்கறதுதான் நல்லதுன்னு பட்டுச்சு.

சொல்ல வந்தது, தாம்பரம் ஜி, உங்க கேஸ்லயும் புதுப்பேட்டைல கிராக் இல்லாத ஒரிஜினல் கிடைச்சா அதையும் ஒதுக்காதீங்க.

நாலுக்கு நாலு

ஹூஸ்டன்காரர் சொல்றது நியாயம்தான். வார்ப்பு சத்தம் கம்மி, சூட்டை உள்ளயே வச்சுக்கும், இருபது வருஷம் ஓடிடுச்சுல்ல. ஆனா புதுப்பேட்டைல எடுக்கறதும் அதே இருபது வருஷ வார்ப்புதான், கறுப்பு பெயின்ட் அடிச்சு வச்சிருப்பாங்க, கிராக் அதுக்கடியில இருக்கும். ஒயர் பிரஷ் போட்டு சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, தொடச்சிட்டு சுண்ணாம்புப் பொடி தூவிப் பாருங்க, கிராக் இருந்தா எண்ணெய் கசிஞ்சு கோடா தெரியும். பாக்க விட மாட்டேன்னு சொல்ற கடைல வாங்காதீங்க.

தாம்பரம் ஜிப்சி

ஒரு சந்தேகம், ஆக்சிஜன் சென்சர் எங்க வைக்கறது? அப்புறம் கேட்டை எடுத்தா நல்லா மூச்சு விடும்னு மேல ராயபுரம் ப்ரோ சொன்னாரே.

புகை சர்டிஃபிகேட்

கேட்டை எடுக்காதீங்க, தயவுசெஞ்சு. நான் எமிஷன் டெஸ்ட் சென்டர்ல வேலை பாக்கறவன். 2004 வண்டி பாரத் ஸ்டேஜ் 2, ஐடிலிங்ல கார்பன் மோனாக்சைடு 0.5 சதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம், அதுக்குள்ள வரணும். கேட் இல்லாம இந்த 0.5க்குள்ள வர்றது ரொம்பக் கஷ்டம். 15 வருஷம் தாண்டின வண்டி, ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓல காட்டித்தான் ஆகணும், அங்க கீழ எட்டிப் பாத்தா முடிஞ்சது. சட்டப்படி மோட்டார் வாகனச் சட்டம் 190(2), புகை சத்தம் விதியை மீறினா முதல் தடவையே 10,000 ரூபா வரைக்கும் அபராதமோ, மூணு மாசம் வரைக்கும் ஜெயிலோ, ரெண்டுமோ, லைசென்ஸும் மூணு மாசம் போகும். பணத்தை விடுங்க, சிக்னல்ல உங்க பின்னாடி ஸ்கூட்டர்ல சின்னக் குழந்தையை முன்னாடி நிக்க வச்சுட்டு ஒருத்தர் நிப்பாரு, அந்தப் புகை நேரா அந்தக் குழந்தை மூக்குலதான் போகும். நாள் முழுக்க அந்தப் புகைல நிக்கறவன் சொல்றேன், கேட் இருக்கற வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் மெஷின் பாக்காமயே மூக்குலயே வித்தியாசம் தெரியும்.

பழைய கேட் அடைச்சிருந்தா புதுசு போடுங்க, தட்டிப் பாத்தா உள்ள கலகலன்னு ஆடினா பீங்கான் உடைஞ்சிருக்கு. அடைப்பு எடுத்த உடனே வர்ற இழுவையைத்தான் பல பேரு ஹெட்டரால வந்ததுன்னு நெனைக்கறாங்க.

ராயபுரம் ரேஸ்

சரிங்க, கேட் விஷயத்துல நீங்க சொல்றது கரெக்ட், தினமும் ஓடற வண்டில வேணாம். ஆனா 4-1 ட்ராக்ல ஓட்டறவனுக்கு நல்லதுதான், அதுல மாற்றமில்ல.

டார்க்கு முக்கியம்

அது சரி தம்பி, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ஓட்டற வண்டிக்கு நானே 4-1தான் சொல்வேன்.

சென்சர் விஷயம்: நாலும் சேர்ந்த இடத்துக்கு உடனே பின்னாடி, கேட்டுக்கு முன்னாடி. சென்சரைத் திருக வெல்டிங் வைக்கற மரை வளையம், அதாவது பாஸ், எம்18, 1.5 பிட்ச். நேரா கீழ பாக்க வைக்காதீங்க, தண்ணி தேங்கி சென்சர் செத்துடும், பக்கவாட்டுல கொஞ்சம் மேல் சாய்வா இருக்கணும். ரொம்பப் பின்னாடி தள்ளினா சென்சர் சூடாக நேரம் எடுக்கும், அது வரைக்கும் ஈசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், கண்ணை மூடிட்டு பெட்ரோல் ஊத்தும். சென்சருக்கு முன்னாடி லீக்கு இருந்தா இன்னும் மோசம், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல வெளிக்காத்தை உள்ள இழுக்கும், சென்சர் ஐயோ காத்து ஜாஸ்தின்னு சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். உங்க வண்டில இப்பவே அதான் நடக்குது, கிராக்கை சரி பண்ணாலே மைலேஜ் கொஞ்சம் திரும்பி வரும்.

இன்னொண்ணு, பேக்கிங் மேல சிலிக்கான் பேஸ்ட் தடவ விடாதீங்க, அந்தச் சூட்டுல அது நிக்கவும் நிக்காது, ஆவி சென்சரையும் கெடுத்துடும்.

எஸ்டேட் வெல்டர்

ஹெட்டருக்கும் பின் பைப்புக்கும் நடுவுல ஃபிளெக்ஸ் பைப்பு கண்டிப்பா விடுங்க. எஞ்சின் ரப்பர் மவுண்ட்ல ஆடும், சைலன்சர் சேசிஸ்ல தொங்குது, நடுவுல வளையற ஒண்ணு இல்லன்னா எல்லா ஆட்டமும் ஹெட்டர் கழுத்துலதான் விழும். உடைஞ்சு வர்ற ஹெட்டருல பாதி இந்த ஒரு காரணத்தாலதான். மாட்டினப்புறம் ஒருத்தரை உக்கார வச்சு ரேஸ் பண்ண விட்டு, எஞ்சின் ஆடும்போது ஸ்டார்ட்டர், பிரேக் பைப், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எதையாவது தொடுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஒரு விரல் இடைவெளியாவது வேணும். கிரவுண்ட் கிளியரன்ஸும் முக்கியம், சேர்ற இடம் சேசிஸ் மட்டத்துக்குக் கீழ தொங்கினா வரப்புல மோதும்.

கழட்டும்போது ஸ்டட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கற ஆயில் அடிச்சு ஊற விடுங்க. உடைஞ்சிடுச்சுன்னா டிரில் போட அவசரப்படாதீங்க, ஹெட் அலுமினியம், டிரில் வழுக்கி அதைத்தான் தின்னும். மிஞ்சி இருக்கற துண்டு மேல ஒரு நட்டை வச்சு உள்ள வெல்டிங் நிரப்பி, கொஞ்சம் ஆறினதும் முன்ன பின்ன அசைச்சு எடுத்தா வந்துடும், அந்தச் சூடே துருவை விடுவிச்சிடும். புது ஸ்டட்டு, காப்பர் பூச்சு நட்டு போட்டு நடுவுல இருந்து ஓரத்துக்கு முறுக்கிட்டு வாங்க, ஒரே தடவைல முழு டைட் வேணாம். ரெண்டு மூணு தடவை நல்லா சூடாகி ஆறினதும் திரும்ப ஒரு ரவுண்டு டைட் பாக்கணும், ஆறின வண்டிலதான்.

தாம்பரம் ஜிப்சி

எல்லாருக்கும் நன்றி. மைல்டு ஸ்டீல் 4-2-1, 35 மில்லி, 10 மில்லி ஃபிளேஞ்சு, கேட் அப்படியே, ஃபிளெக்ஸ் பைப்போட பட்டறைல செஞ்சுக்கறேன். ஃபிளேஞ்சு வரைய பழைய ஜிப்சி பேக்கிங் ஒண்ணு வீட்ல கிடக்கு, அதை அளவுக்குக் குடுத்தா போதுமா?

எஸ்டேட் வெல்டர்

பழசுன்னா எந்த வண்டியோடது? கார்புரேட்டர் காலத்து 8 வால்வு ஹெட்டும் உங்க 16 வால்வு ஹெட்டும் வேற வேற, அந்த பேக்கிங்கை வச்சு வெட்டினா போர்ட்டு ஒத்துவராது. இப்ப வண்டில இருக்கற மேனிஃபோல்டை கழட்டினதும் அதையே பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க, 16 வால்வுக்கு புது பேக்கிங் ரெண்டு வாங்கி ஒண்ணை அளவுக்குக் குடுங்க, இன்னொண்ணை மாட்டறதுக்கு வச்சுக்கோங்க. ஓட்டை வெட்டும்போது ஹெட் போர்ட்டை விட ஒரு மில்லி பெருசா வெட்டச் சொல்லுங்க, சின்னதாயிட்டா புகை அந்த விளிம்புல முட்டும்.